ஏற்கும் கலம், ஊற்றும் கை

உயர்ந்த ஒன்றை ஒருவருக்குத் தருமுன், அதை ஏற்கும் தகுதி அவருக்கு உண்டா என்று பார்க்க வேண்டும் என்பது நம் சமயங்கள் பலவும் ஒப்புக்கொண்ட விதி. மந்திர உபதேசம், தீட்சை, வேதப் படிப்பு, சந்நிதிக்குள் நுழைவு, தானம் என்று எல்லா வாசலிலும் இந்த விதி காவல் நிற்கிறது. ஓட்டைக் குடத்தில் பாலை வார்ப்பவர் யாருமில்லை என்பதால் விதியில் பிழை இருப்பதாகவும் தோன்றாது. ஆனால் இதே விதியைச் சொல்லித்தான் பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிறந்த வீட்டைப் பார்த்தே ஒருவருடைய தகுதியின்மை முடிவுசெய்யப்பட்டது. ஆகவே ஏற்ற கலம் எது, ஏலாத கலம் எது என்பது நம் சமய வாழ்வின் நடுவில் நிற்கும் கேள்வி. இதற்கு விடை தேட சாத்திரங்களுக்குள் மட்டும் போக வேண்டியதில்லை. கலத்தின் தகுதி நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகும் தொழில்கள் உண்டு. தவறான கலத்தை எடுத்தால் சில நிமிடங்களிலேயே புகை கிளம்பிவிடும் தொழில் ஒன்றும் உண்டு: கண்ணாடி இழையையும் ரெசினையும் கொண்டு படகும் தொட்டியும் குழாயும் செய்கிற ஃபைபர் வேலை. எபாக்சி என்ற ரெசினைக் கலக்க எந்தப் பாத்திரம் ஏற்றது என்ற சிறு கேள்வியை அந்த வேலையில் கடைசிவரை தொடர்ந்து கேட்டுப் பார்த்தால், தகுதி என்பது கலத்தோடு பிறந்து கலத்தோடு கிடக்கும் குணம் இல்லை என்பது தெரியவரும். அதைப் பற்றிய பொறுப்பு முதலில் ஊற்றுகிறவரைச் சேர்ந்தது என்பதும் தெரியவரும். நம் நூல்களும் ஆழத்தில் இதையே சொல்கின்றன என்பது என் வாதம்.

திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளியை வைத்து இதை யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் பழவேற்காட்டு ஏரியைச் சேர்ந்த உப்பங்கழிகளும், நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு. அந்தத் திட்டில் 2010 ஜூலையில் திறக்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. கப்பல் கட்டும் தளமும், 2013 முதல் இயங்கும் துறைமுகமும் அருகில் இருக்கின்றன. சுற்றிலும் மீனவக் குப்பங்கள். இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்துக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து இறங்கிய படகுகளால் அந்த மாற்றம் விரைந்தது. கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளிலும் கண்ணாடி இழை உண்டு. உப்புநீரைச் சவ்வின் வழியே தள்ளுவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல 60 மடங்கு வரை அழுத்தம் வேண்டும். அதைத் தாங்கும் நீண்ட குழாய்களைப் பொதுவாக எபாக்சியில் நனைத்த கண்ணாடி இழையைச் சுற்றிச் சுற்றித்தான் செய்கிறார்கள். மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலும் விலை குறைந்த பாலியெஸ்டர் ரெசின். வலிமையும் ஒட்டும் திறனும் கூடுதலாக வேண்டிய இடத்தில், காற்றாலை இறக்கையிலும் அழுத்தக் குழாயிலும் மரத்தோடு சேர்த்து ஒட்டும் பழுதுவேலையிலும், எபாக்சி. இரண்டும் வேறு வேறு குணமுள்ளவை. அந்த வேறுபாடு இந்த வாதத்துக்கு மிகவும் வேண்டியது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். எபாக்சி ரெசினும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் சேர்ந்தவுடன் வேதிவினை தொடங்குகிறது. அந்த வினை தானே வெப்பத்தை உண்டாக்கும். உண்டான வெப்பம் வினையை மேலும் விரைவாக்கும். வெப்பநிலை 10 பாகை ஏறினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேலை செய்பவர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. கலவை எவ்வளவு நேரம் வேலைக்கு ஆகும் என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பது வழக்கமாக 100 கிராம் கலவைக்கு, 25 பாகைச் சூட்டில் அளந்த நேரம். காட்டுப்பள்ளியின் மே மாத நிழலில் அந்த 25 பாகை எங்கே கிடைக்கும்? கலவை கூடக்கூட நிலைமை இன்னும் மாறும். வெப்பம் பிறப்பது கலவையின் பருமன் முழுவதிலும். வெளியேறுவதோ மேற்பரப்பின் வழியாக மட்டும். ஒரு லிட்டர் கலவையை 10 செ.மீ. விட்டமுள்ள உயரமான டப்பாவில் ஊற்றினால் கிட்டத்தட்ட 13 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், அதன் திறந்த முகம் 80 சதுர செ.மீ.கூட வராது. அதே ஒரு லிட்டரை 40 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள தட்டில் பரப்பினால் ஆழம் ஒரே ஒரு செ.மீ.; திறந்த முகம் 1,000 சதுர செ.மீ. டப்பாவில் இருந்த கலவை சூட்டை விட வழியில்லாமல் கொதித்து, புகைந்து, சில சமயம் 200 பாகையையும் தாண்டிக் கல்லாகிவிடும். தட்டில் இருந்த கலவை அமைதியாக வேலைக்கு ஆகிக்கொண்டிருக்கும். ரெசின் ஒன்று, ஹார்டனர் ஒன்று, அளவு ஒன்று, கலந்த கையும் ஒன்று. டப்பாவும் தட்டும் ஒரே பிளாஸ்டிக்கில் செய்தவையாகவே இருக்கட்டும். வேறுபாடு வடிவத்தில் மட்டும். 100 கிராம் கலந்திருந்தால் அந்த உயர டப்பாவே போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே அந்த டப்பா கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இவ்வளவை, இந்த வெயிலில், இதில் ஊற்றியது பிழை என்றுதான் சொல்ல முடியும்.

அடுத்தது பாத்திரம் செய்யப்பட்ட பொருள். இங்கேதான் நம் வழக்கமான மதிப்பீடுகள் தலைகீழாகின்றன. வீட்டில் தூய்மையின் உச்சம் கண்ணாடிப் பாத்திரம். எதுவும் கறையேற்றாது, எந்த வாடையும் ஒட்டாது. எபாக்சி கலக்க அது மிக மோசமான தேர்வு. ஏனென்றால் எபாக்சி கண்ணாடியை விடாமல் பற்றிக்கொள்ளும். இறுகியபின் பிரிக்கவே முடியாது. ஃபைபர் படகும் அழுத்தக் குழாயும் அலையையும் அழுத்தத்தையும் தாங்கி நிற்பதற்கு அந்தப் பற்றுதான் ஆதாரம். இழையாக நூற்கப்பட்ட கண்ணாடியை ரெசின் பற்றினால் படகு; கிண்ணமாக வார்க்கப்பட்ட கண்ணாடியைப் பற்றினால் கிண்ணமும் போயிற்று, கலவையும் போயிற்று. ஒரே குணம் ஓரிடத்தில் உயிர், இன்னோரிடத்தில் கேடு. மாறாக, பெயிண்ட் வந்திறங்கிய மலிவான பிளாஸ்டிக் வாளியும் தயிர் விற்ற டப்பாவும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். எபாக்சி இவற்றில் ஒட்டாது. மிச்சம் இறுகியபின் வாளியை வளைத்தால் முழுத் துண்டாகக் கழன்று விழும், வாளி மறுநாளைக்கும் உதவும். வீட்டில் குப்பைக்குப் போகிற பொருள் பட்டறையில் முதல் வரிசைக்கு வருகிறது.

மெழுகு பூசிய காகிதக் கோப்பையும் இப்படித்தான். குச்சியால் சுரண்டிக் கலக்கும்போது மெழுகு எபாக்சியில் கலந்துவிடும். அது போய்ச் சேரும் ஒட்டு பலமிழக்கும். ஆனால் அச்சிலிருந்து படகைப் பிரித்தெடுக்க அச்சின்மேல் மெழுகு தேய்த்தே ஆக வேண்டும். பாலியெஸ்டரின் கடைசிப் பூச்சில், காற்று பட்டு மேற்பரப்பு பிசுபிசுப்பாக நின்றுவிடாமல் இருக்க, கொஞ்சம் மெழுகை வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு. தெர்மகோல் கோப்பையில் பாலியெஸ்டரை ஊற்றினால் அதிலுள்ள ஸ்டைரீன் கோப்பையையே கரைத்துவிடும். எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை என்பதால் கோப்பை உடனே கரையாது. கலவை சூடேறும்போது உருகும். தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்தால் சிறிதளவு கலவையைத் தாங்கும். சூடு 80 பாகையை நெருங்கினால் குழைந்து சாயும். சரிந்த பக்கமுள்ள வாளியில் குச்சியால் உயரத்தை அளந்து விகிதம் பார்த்தால் கணக்கு தவறும், ஏனென்றால் பாதி உயரம் பாதிக் கொள்ளளவு ஆகாது. தராசில் வைத்து எடை பார்த்தால் அதே வாளியில் எந்தக் குறையும் இல்லை. இவற்றையெல்லாம் பொதுவாகச் சுருக்கி, ‘நல்ல பாத்திரம் இது’ என்று ஒரே சொல்லில் சொல்ல எந்தப் பட்டறையாலும் முடியாது. எதைக் கலக்க, எவ்வளவு, என்ன வெயிலில், எந்த அளவுமுறையில் என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் பாத்திரத்தின் பேச்சு வரும். அந்தக் கேள்விகள் அனைத்துக்கும் விடை சொல்ல வேண்டியவர் கலப்பவர். பாத்திரம் தன்னைத் தானே தேர்ந்துகொள்வதில்லை.

இந்தத் தெளிவோடு நம் நூல்களுக்குத் திரும்பினால், அவற்றில் இதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் படுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் மாணவர்களைத் தரம் பிரித்து, கடைத்தர மாணவரை இல்லிக்குடத்துக்கு, அதாவது ஓட்டைக் குடத்துக்கு ஒப்பிடுகிறது. பள்ளியில் தமிழ் படித்த பலருக்கும் அந்த உவமை நினைவிருக்கும். அதே பாயிரத்தில், ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு கலங்கள். ஒன்று கழற்காய்களை இட்ட குடம்: ஒவ்வொன்றாக உள்ளே போன காய்கள் வெளியே கொட்டும்போது முறை தவறிக் கொட்டும், கற்ற ஒழுங்கில் சொல்லத் தெரியாத ஆசிரியர் அப்படி. இன்னொன்று பஞ்சை அடைத்த குண்டிகை: குறுகிய கழுத்து, திணித்துத் திணித்து ஏற்றியது, பிடுங்கிப் பிடுங்கித்தான் வெளியே வரும், கொடுக்க மனமில்லாத ஆசிரியர் அப்படி. ஏற்பவர் பக்கம் நான்கு குறை சொன்ன நூல், தருபவர் பக்கமும் நான்கு சொல்கிறது. மரபில் வந்தவர்கள் முதல் நான்கை மேற்கோள் காட்டிய அளவுக்கு இரண்டாவது நான்கைக் காட்டியதில்லை. அந்த மௌனம் தற்செயலானது என்று நான் நம்பவில்லை. யாருக்கு நூல் சொல்லலாம் என்று நன்னூல் வகுக்கும் பட்டியலும் கவனிக்கத் தக்கது. தன் மகன், தன் ஆசிரியரின் மகன், அரசனின் மகன், பொருளை நிறையக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதைக் கொள்ளும் திறமுள்ளவன் என்று ஆறு பேர். இவர்களில் கலத்தின் கொள்ளும் திறனைப் பற்றிப் பேசுவது கடைசி ஒன்று மட்டும். முதல் மூன்றும் பிறப்பு, நான்காவது பணம். தகுதி என்ற பெயரில் உள்ளே நுழைந்தவை எவை என்பதை நூலே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அதற்காக அந்த நூலை மதிக்கிறேன்.

மணிமேகலை இன்னும் தெளிவானது. தமிழில் ஒரு பாத்திரத்தைப் பற்றிய மிகப் பெரிய கதை அமுதசுரபியின் கதை. அதை முதலில் கையில் ஏந்திய ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டப்பட்டிருந்த பசுவைக் காப்பாற்றப் போய், பிறப்பைக் காட்டி இழிவுபடுத்தப்பட்டவன். அவன் பிச்சைக்கு நீட்டிய கடிஞையில் ஊரார் கல்லை இட்டார்கள். கடிஞையில் என்ன குறை இருந்தது? குறை முழுவதும் இட்ட கையில். மதுரைக்குப் போய், கிடைத்ததைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டி வாழ்ந்தவனுக்குச் சிந்தாதேவி எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரத்தைத் தந்தாள். பிறகு இந்திரனின் சினத்தால் பாண்டிநாட்டில் மழையும் விளைவும் பெருகின; பசித்தவரே இல்லாமல் போனார்கள். உலகில் ஈடில்லாத அந்தப் பாத்திரம் அன்று பயனற்றதானது. ஒரு மாசும் அதில் சேரவில்லை, ஒரு விரிசலும் விழவில்லை. எதிரே பசி இல்லை, அவ்வளவுதான். சாவகத் தீவில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறிய ஆபுத்திரன் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டபோது, தன் ஒருவன் பசிக்கு அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த மனமில்லாமல் கோமுகிப் பொய்கையில் அதை இட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விட்டான். கலத்தின் சிறப்பு கலத்துக்குள் அடைந்து கிடப்பது இல்லை, எதிரே இருப்பவரின் தேவையோடு சேரும்போதுதான் அது சிறப்பாகிறது என்பதை இதைவிட அழுத்தமாக எந்தத் தருக்க நூலும் சொன்னதாக நான் அறியேன். பாத்திரம் பின்னர் மணிமேகலையின் கைக்கு வந்தபோது முதல் பிச்சை கற்புக்குப் பெயர்பெற்ற ஆதிரையிடமிருந்து வர வேண்டும் என்று காப்பியம் கேட்கிறது. தகுதிச் சோதனை ஒன்று இங்கே நடக்கிறது. சோதிக்கப்படுவது கொடுப்பவரின் தகுதி. ஏற்பவரிடம் காப்பியம் கேட்கும் தகுதி பசி ஒன்றுதான்.

இதற்கு மிக வலுவான மறுப்பு சைவ சித்தாந்தத்திடமிருந்து வரும். உயிர்கள் எல்லாவற்றையும் ஆணவ மலம் பற்றியிருக்கிறது. அது எல்லோரிடமும் ஒரே சமயத்தில் பக்குவப்படுவதில்லை. மலபரிபாகம் என்ற அந்தப் பக்குவம் வந்தபிறகே சத்திநிபாதம் என்ற அருட்பதிவு, அதிலும் மந்ததரம் முதல் தீவிரதரம் வரை நான்கு நிலைகள். ஆகவே தகுதி என்பது உயிரின் உள்ளே உண்மையாகவே இருக்கும் வேறுபாடு, ஊற்றுகிறவரின் வசதிக்காகச் செய்த கற்பனை இல்லை என்று சித்தாந்தி சொல்வார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எபாக்சி வேலையிலும் உள்ளிருக்கும் வேறுபாடு உண்மைதான். பாலிஎத்திலீனும் கண்ணாடியும் ஒன்றல்ல. ஆனால் சித்தாந்தம் சொல்லும் பக்குவம் காலத்தைச் சேர்ந்தது, சாதியைச் சேர்ந்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று பழுக்காதது நாளை பழுக்கும். என்றுமே பழுக்காத உயிர் என்று ஒன்றைச் சித்தாந்தம் நிரந்தரமாக ஒதுக்கி வைப்பதில்லை. அந்தப் பக்குவத்தை அறிபவன் இறைவன். வெளியே நிற்பவர்கள் தோற்றத்தைக் கண்டு அறிய முடியாது. சித்தாந்த மரபின் தொடக்கக் கதையே இதற்குச் சாட்சி. திருவெண்ணெய்நல்லூரில் சிறுபிள்ளையாக இருந்த மெய்கண்டாரிடம், ஆகமங்கள் அனைத்தையும் கற்றவர் என்று பெயரெடுத்த, வயதில் மிக மூத்த சகலாகம பண்டிதர் வந்து மாணவரானார். அருணந்தி சிவாச்சாரியார் ஆனார். வயது, கல்வி, குடும்ப குரு என்ற மரியாதை ஆகிய வெளியடையாளங்களை வைத்துத் தகுதியை அளந்திருந்தால் அந்தப் பரம்பரையே தொடங்கியிருக்காது. பக்குவக் கொள்கை உண்மை என்றால், அதன் நேரடி விளைவு இதுதான்: பிறரைப் பார்த்து ‘நீ பக்குவப்படவில்லை’ என்று சொல்லும் உரிமை பெரும்பாலும் எவருக்கும் இல்லை.

சித்தாந்தி இன்னொன்றும் சொல்லலாம். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கலக்கும் பாத்திரமோ வெறும் துணைக்காரணம், படகின் உடலில் அதன் ஓர் அணுவும் இருக்கப்போவதில்லை. அதன்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று. முடிந்த பொருளில் துணைக்காரணம் தங்குவதில்லை என்பது சரி. ஆனால் அதன் விளைவு தங்குகிறது. எபாக்சிக்கு ஹார்டனர் சரியான விகிதத்தில் சேர வேண்டும். இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் எல்.ஒய். 556 ரெசினுக்கும் எச்.ஒய். 951 ஹார்டனருக்கும் எடையில் வழக்கமாக 10-க்கு 1 என்ற கணக்கு. பாத்திரத்தின் ஓரத்திலும் அடிமூலையிலும் சுரண்டப்படாமல் தங்கிய ரெசினுக்கு ஹார்டனர் கிடைக்காது. அதை வழித்து இழையின்மேல் ஊற்றினால் அந்த இடம் என்றைக்கும் இறுகாது. எத்தனை நாள் காத்திருந்தாலும் பிசுக்காகவே நிற்கும். இதற்காகவே கவனமானவர்கள் ஒரு பாத்திரத்தில் கலந்ததை இன்னொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி கலக்கிறார்கள். முதல் பாத்திரத்தின் மூலையில் ஒதுங்கியதை அவர்கள் அந்தப் பாத்திரத்தின் குற்றம் என்று எழுதி வைப்பதில்லை. ஒருமுறை சொல்லி எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணாமல் தங்கள் முறையை மாற்றிக்கொள்கிறார்கள். கற்பிப்பவர்களுக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. வகுப்பின் ஓரத்தில் இருந்தவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அவர் மந்தபுத்தி என்று முடிவுகட்டுமுன் ஓரம் வரை கலக்கினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனிதர் பாத்திரமல்லர், பாத்திரத்துக்கு விருப்பம் இல்லை, முயற்சி இல்லை, மறுக்கும் உரிமை இல்லை. ஆகவே பிளாஸ்டிக் வாளியிலிருந்து மனிதத் தகுதிக்குத் தாவுவது பிழை என்று ஒருவர் சொல்லலாம். வேறுபாட்டை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. மாற முடியாத வாளியைக்கூட ஒட்டுமொத்தமாகத் தகுதியற்றது என்று சொல்ல முடியவில்லை. வேறு கலவை, வேறு அளவு, வேறு வேளையில் அது ஏற்றதாகிறது. தானே மாறக்கூடிய, கேட்கக்கூடிய, மறுத்துப் பேசக்கூடிய மனிதரை அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு குறைந்த நியாயம் இருக்க வேண்டும்! ஏற்பவருக்கு இதனால் பொறுப்பே இல்லாமல் போய்விடுமோ என்றால், போகாது. பாத்திரத்துக்கு இல்லாத பொறுப்பு மனிதருக்கு உண்டு: தனக்கு எது ஒத்துவரவில்லை என்று சொல்வது, பழைய மிச்சத்தைக் கழுவுவது, திரும்ப வருவது. ஆனால் அந்தப் பொறுப்பு தொடங்குவதே, அவர் வாசலுக்குள் விடப்பட்ட பிறகுதான்.

கலம் என்று நாம் கருதுவது மனிதரோடு நின்றுவிடுவதில்லை. நிலத்தையும் நீரையும்கூட அப்படிக் கருதுகிறோம். காட்டுப்பள்ளியும் எண்ணூரும் இதில் தமிழ்நாட்டின் கசப்பான உதாரணங்கள். மணல்திட்டும் உப்பங்கழியும் வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்தன. வெறுமையே ஏற்கும் தகுதி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, எண்ணூர்க் கழிமுகத்துப் படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டியது. அந்தக் கழி எதற்கு ஏற்றது என்று இறால் பிடிக்கும் குப்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஊற்றியவர்கள் அவர்களைக் கேட்கவில்லை. ரெசின் கலந்த டப்பாவை மறுபடி சோற்றுக்கு எடுக்கக் கூடாது என்பது பட்டறையின் முதல் விதிகளில் ஒன்று. அமீன் ஹார்டனர் தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு ஆறாத ஒவ்வாமையாகிவிடும். ஒரு ஊர் உண்ணும் கலத்தையே கழிவுக்கு எடுத்தவர்கள் அந்த எளிய விதியையும் மீறினார்கள். கலம் வெறுமையாக இருந்தது என்பது அங்கே விடையாகாது.

கடைசி மறுப்பு ஆபத்தைப் பற்றியது. சில அறிவு உண்மையிலேயே அபாயமானது. தகாதவர் கையில் போனால் அழிவு. மறைத்து வைத்தது அகந்தையால் அல்ல, அக்கறையால் என்பார்கள். ஃபைபர் வேலையில் இதற்கு ஒப்பான ஒன்று இருக்கிறது. பாலியெஸ்டரை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட் ஒரு பெராக்சைடு. அதை விரைவுபடுத்துவது கோபால்ட். இந்த இரண்டையும் நேரடியாக ஒரே டப்பாவில் சேர்த்தால் தீயோ வெடிப்போ நிச்சயம் என்று கொள்ளலாம். ஆனால் பட்டறைகள் இதைச் சிலருக்கு மட்டும் சொல்லி மற்றவருக்கு மறைத்துப் பாதுகாப்பதில்லை. கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலந்துவிடு, அதற்குப் பிறகே கேட்டலிஸ்ட், இரண்டுக்கும் அளவுக் குவளை வெவ்வேறு என்று வேலைக்கு வந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. அபாயமான அறிவுக்குக் காவல் அதன் வரிசையையும் எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுப்பது. ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்துவது காவலாகாது. வைணவ குருபரம்பரை இந்தக் கேள்வியைத் திருக்கோட்டியூரில் வைத்து நேருக்கு நேர் எதிர்கொண்டது. திருக்கோட்டியூர் நம்பி இராமானுசரைப் பதினெட்டு முறை நடக்கவைத்தார். பிறகே, தகுதியற்றவருக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்ற கட்டளையோடு மந்திரப் பொருளைச் சொன்னார். இராமானுசர் கோயிலின்மேல் ஏறி, ஆசை உடையவர் அனைவரும் கேட்கச் சொல்லிவிட்டார். தனக்கு நரகம் என்ற கட்டளையை அவர் மறக்கவுமில்லை, பொய் என்று தள்ளவுமில்லை. ஊற்றியதன் விளைவைத் தன் தலையிலேயே ஏற்றுக்கொண்டார். அப்போது பதினெட்டு முறை சோதித்த நம்பி என்ன செய்தார் என்பதுதான் மரபு இந்தக் கேள்விக்குத் தந்த தீர்ப்பு. சீடரைத் தண்டிக்கவில்லை, சபிக்கவில்லை. இத்தனை பேருக்கு இரங்கும் இந்த மனம் தனக்கு வரவில்லையே என்று உருகி, ‘எம்பெருமானார்’ என்று அழைத்து அவரைத் தழுவிக்கொண்டார்.